சுமைதாங்கியும் நினைவுத் தூணும்

கொங்கு நாட்டில் இறந்தவர்களைப் பற்றிப் பேசுகிற கற்களுக்குக் குறைவில்லை. காட்டு வழியிலும் குளக்கரையிலும் கோயில் முகப்பிலும் அவை நிற்கின்றன. பாதி மண்ணில் புதைந்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, யாருக்காக நட்டது என்பதே மறந்துபோய்ச் சாமியாகிவிட்ட கற்களும் உண்டு. அவற்றில் நம் பக்கத்துக்கே உரியது என்று சொல்லத்தக்கது புலிகுத்திக் கல். பாய்கிற புலி ஒரு பக்கம். அதன்மேல் ஈட்டியையோ வாளையோ பாய்ச்சுகிற ஆள் மறு பக்கம். சிற்ப சாஸ்திரத்தின் நுட்பம் பெரிதாக ஒன்றும் இராது. சில கற்களில் புலி நாயைப் போல இருக்கும். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கிவிடும். மாட்டைக் காக்கப் போனான்; புலியைக் குத்தினான்; செத்தான். எங்களைப் போன்ற நாவலாசிரியர்கள் முந்நூறு பக்கத்தில் திணறிச் சொல்வதை ஊர்க் கல்தச்சன் மூன்றடிக் கல்லில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

இதற்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. நடுகல் நடுவதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, அதைக் கொள்ள நாள் பார்ப்பது, நீரில் இட்டுத் தூய்மை செய்வது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது என்று போகிறது அந்த ஒழுங்கு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் ஏறக்குறைய இந்தப் படிகளை வைத்தே நடக்கிறது. ஒரு கல்லை எடுத்து வந்து நிறுத்துவது ஒரு காவியத்தின் மூன்றில் ஒரு பாகத்துக்குப் பொருளாக இருக்க முடியும் என்று நம் முன்னோர் நினைத்தார்கள் என்பதை வாசகர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த மரபில் ஒரு நிபந்தனை உண்டு. கல் பெறுவதற்குச் செத்தால் மட்டும் போதாது. ஏதாவது செய்து செத்திருக்க வேண்டும். புலியைக் குத்தியிருக்க வேண்டும், ஆநிரையை மீட்டிருக்க வேண்டும், போரில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்து, விடிவதற்குள் மண்ணுக்கடியில் போனவனுக்கு இந்த மரபில் இடமில்லை. வெள்ளத்தில் போனவளும் கடல் கொண்டுபோன குழந்தையும் அப்படித்தான்.

கொள்ளை நோய்க்கு நம்மவர்கள் வேறொரு வழி கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் நோய் கோயமுத்தூரைப் பல முறை சூறையாடிற்று. அதன் ஞாபகமாக இன்றைக்கும் நகரத்தில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. 2021-ஆம் வருஷத்துத் தொற்றுக் காலத்தில், நகரை அடுத்த இருகூரில் கொரோனா தேவி என்று ஒரு கருங்கல் விக்கிரகத்தையும் பிரதிஷ்டை செய்தார்கள். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு, நான் சிரிக்கவில்லை. பயந்தவர்களுக்குக் கும்பிட ஓர் இடம் வேண்டும். ஆனால் இந்தக் கல் அடித்தவளுக்கு வைத்த கல், அடிபட்டவர்களுக்கு வைத்ததல்ல. பிளேக் என்ற வார்த்தை கோயில் பெயரில் நிலைத்துவிட்டது. பிளேக்கில் போனவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் நிலைக்கவில்லை.

ஆகவே, இயற்கையின் சீற்றத்தில் மாண்டவர்களுக்குக் கல் எழுப்புவது என்பது நமக்குப் புதிய வேலை. புதிய வேலையை நாம் எப்படிச் செய்திருக்கிறோம் என்பதைத்தான் இங்கே பரிசீலிக்க விரும்புகிறேன். ஒரு கதையை விமரிசனம் செய்கிற அதே அளவுகோல்களைக் கல்லுக்கும் வைத்துப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், உண்மை பேசுகிறார்களா என்ற மூன்று கேள்விகள் போதும்.

முதலில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் அடித்த புயலில் அந்த ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி, ஊரை எட்டும் தறுவாயில் அலையில் சிக்கியது. வண்டியில் இருந்த 100-க்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த இடிபாடுகளிடையே பிற்பாடு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். கடுங்காற்றும் பேரலையும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அடித்தன, ஊர் எப்படி முழுவதும் அழிந்தது என்று அதன் வாசகம் கூறுகிறது. வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் சொன்னால், புயல்தான் அந்த வாக்கியத்தின் எழுவாய், ஊர் செயப்படுபொருள். ரயிலில் உட்கார்ந்திருந்தவர்கள் வாக்கியத்துக்குள் வரவே இல்லை. அந்தப் புயல் சமயத்தில் ராமேசுவரத்தில் இருந்து தப்பிய சினிமா நட்சத்திரங்களின் பெயரை நம்மில் பலர் இன்றும் சொல்வார்கள். வண்டியில் போனவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

அடுத்தது கன்னியாகுமரி. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். அதன் ஞாபகார்த்தமாகக் குமரிமுனையில் எஃகினால் ஒரு சின்னம் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு பெரிய கைகள். ஒன்று எழும்பி வரும் அலையைத் தடுக்கிறது. மற்றொன்று எரிகிற தீபத்தை அணையாமல் காக்கிறது. பார்வைக்கு மோசமில்லை. சுற்றுலா வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அன்று காலையில் எந்தக் கை அலையைத் தடுத்தது? தடுக்க முடியவில்லை என்பதுதானே நடந்த விஷயம்? ஒரு நாவலாசிரியன் கடைசி அத்தியாயத்தில் இப்படி ஒரு கையைக் கொண்டு வந்து வைத்தால், “பொய்” என்று நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அதே மாவட்டத்தில் கொட்டில்பாடு என்ற கடற்கரைக் கிராமத்தில் 199 பேரை ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் உறவினர்கள் அங்கே பூவும் மெழுகுவத்தியும் கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குக் குமரிமுனையின் எஃகுக் கை தேவைப்படவில்லை. தங்கள் ஆள் எந்த மண்ணில் இருக்கிறான் என்பது தெரிந்திருப்பதே போதுமாக இருக்கிறது.

நம்முடைய நினைவுச் சின்னங்களைக் கெடுப்பவை இரண்டு என்று எனக்குப் படுகிறது. ஒன்று, திறப்பு விழாக் கல். யார் தலைமையில், யார் முன்னிலையில், யார் திறந்து வைத்தார் என்பதெல்லாம் கட்டை விரல் கனத்தில் இருக்கும். செத்தவர்கள் ஓர் எண்ணிக்கையாக அடியில் இருப்பார்கள். மற்றொன்று, உருக்கம். சில வருஷங்களுக்கு முன் ஒரு நினைவுக் குழுவினர் என்னிடம் வந்து, தூணில் பொறிக்க நாலு வரி எழுதித் தர வேண்டும் என்றார்கள். “எப்படி இருக்க வேண்டும்?” என்று கேட்டேன். “படிக்கிறவங்க கண்ணு கலங்கோணுங்க” என்றார் குழுவின் தலைவர். இறந்தவர்களின் பட்டியலைக் கேட்டேன். அது தாலுகா ஆபீஸில் இருக்கும் என்றார். நன்கொடையாளர் பட்டியல் மட்டும் அவர் பையில் தயாராக இருந்தது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. கண் கலங்க வைப்பது என் தொழிலிலேயே மிகவும் சுலபமான காரியம். அதனாலேயே அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கண் கலங்கியவன் துடைத்துக்கொண்டு போய்விடுகிறான். கல் என்பது கலங்கிய கண் காய்ந்த பிறகும் நிற்க வேண்டியது.

அப்படியானால் வேறு வழி என்ன? வெளியில் தேட வேண்டியதில்லை. நடுகல்லுக்குப் பக்கத்திலேயே நம் மண்ணில் இன்னொரு வகைக் கல் இருக்கிறது. சுமைதாங்கி என்று பெயர். இரண்டு கல் நின்று, மேலே ஒரு கல் படுத்திருக்கும். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடக்கிறவன் யாரையும் “கொஞ்சம் கை கொடு” என்று கூப்பிடாமல் சுமையை இறக்கிவைத்து, இளைப்பாறி, மறுபடியும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அதற்குத் தோதான உயரத்தில்தான் படுகல் இருக்கும். பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். இது யாருக்காக வைக்கப்பட்டது என்பதைப் பழைய மனிதர்களைக் கேட்டால் சொல்வார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் ஞாபகமாக வைப்பது வழக்கம். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, போகிறவர் வருகிறவர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல்.

எனக்குத் தெரிந்த வரையில் தமிழில் இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் கிடையாது. அந்தப் பெண் புலியைக் குத்தவில்லை. வீரம் எதுவும் காட்டவில்லை. அவளுக்கு நேர்ந்தது வெறும் துரதிர்ஷ்டம். அவளை வீராங்கனையாக்கவும் ஊரார் முயலவில்லை, தெய்வமாக்கவும் இல்லை. அவள் உருவத்தைக்கூடச் செதுக்கவில்லை. அவள் சாவு எப்படிப்பட்டதோ அதையே கல்லின் வடிவமாக்கி, அதை உயிரோடிருப்பவர்களுக்கு உபயோகமாகவும் செய்துவிட்டார்கள். இறக்கிவைக்கிற ஒவ்வொருவனும், தெரிந்தோ தெரியாமலோ, அவளை நினைத்ததாக ஆகிறது. தலைச்சுமைகள் லாரிக்கு மாறி, சாலையும் அகலமானபின் பல சுமைதாங்கிகள் பிடுங்கி எறியப்பட்டுவிட்டன. கல் போனாலும் யோசனை போக வேண்டியதில்லை.

பேரிடரில் மாண்டவர்களுக்கு எழுப்பும் கல் தூணாக இருப்பதைவிடச் சுமைதாங்கியாக இருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. தூண் என்பது வெற்றிக்கு நடுவது. இங்கே யாரும் எதையும் வெல்லவில்லை. அதற்காக ஊருக்கு ஊர் இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றை வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நான் சொல்வதாக நினைக்கக் கூடாது. சுமைதாங்கி கற்றுக்கொடுப்பவை மூன்று. சாவு எப்படி நேர்ந்ததோ அதைக் கல் மறைக்காமல் சொல்ல வேண்டும். இறந்தவளை இறந்தவளாகவே வைத்திருக்க வேண்டும். உயிரோடிருப்பவனுக்கு அந்த இடத்தில் ஒரு பிரயோஜனம் இருக்க வேண்டும்.

இது குறித்துத் திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பியோடு பேசினேன். அவினாசியிலிருந்து திருப்பூர் போகிற வழியில் இருக்கிற அந்த ஊரில் உளிச் சத்தம் கேட்காத நாளே இல்லை. ஊத்துக்குளிக் கல்லில் விநாயகரும் முருகனும் அம்மனும் அங்கே உருவாகி எங்கெங்கோ போகிறார்கள். சிற்பி என்னை ஒரு பாறைத் துண்டின் அருகே கூட்டிக்கொண்டு போய், சுத்தியால் தட்டிக் காட்டினார். வெண்கல மணி போல ஓசை வந்தது. தண்ணீரை ஊற்றினார். மற்ற இடம் காய்ந்த பிறகும் ஈரம் மயிரிழையாக ஓர் இடத்தில் நின்றால் அங்கே விரிசல் என்று அர்த்தமாம். நீரில் இட்டுக் கல்லைச் சோதிப்பதைப் பார்த்தபோது எனக்கு அந்த ஆறு படிகளில் ஒன்று ஞாபகம் வந்தது.

நினைவுக் கல்லைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் பயன்பட்டது. “இப்ப எல்லாரும் கண்ணாடியாட்டப் பாலிஷ் போட்டுக் குடுங்கன்னுதான் கேக்கறாங்க. மெஷின்ல எழுத்தெடுத்துப் பெயிண்ட் அடிச்சிருவாங்க. பெயிண்ட் போச்சுன்னா எழுத்தே தெரியாதுங்க. உளியில ஆழமா வெட்டுன எழுத்துன்னா வெயில் சாய்வா விழுகறப்ப நெழலு கட்டும், பெயிண்டே வேண்டாமுங்க” என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, “பேரு வெட்டறது கஷ்டமில்லீங்க. எந்தப் பேர மொதல்ல வெட்டறதுன்னுதான் சண்டை வருமுங்க” என்றார்.

உண்மைதான், இது சாதாரணக் கேள்வியல்ல. வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அந்தச் சுவரின் கருங்கல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனது. வடிவமைத்த மாயா லின் அப்போது 21 வயது மாணவி. பெயர்களை அகர வரிசையில் போடாமல், பதவி வரிசையிலும் போடாமல், மாண்ட தேதி வரிசையில் போடச் செய்தார். கூடவே விழுந்தவர்கள் கல்லிலும் கூடவே இருக்கிறார்கள். அங்கே கண்ணாடி போன்ற மெருகுக்கும் காரணம் உண்டு. படிக்கிறவன் முகம் பெயர்களின்மேல் தெரியும். காரணமில்லாமல் மெருகு போட்டால் அது சமையலறை மேடை ஆகிவிடுகிறது. பேரிடரில் எல்லோருக்கும் தேதி ஒன்றுதான். ஆகவே வீட்டு வரிசையில் பெயர்களை வெட்டலாம் என்பது என் யோசனை. முதல் வீட்டில் தாய், அவள் பக்கத்தில் படுத்திருந்த குழந்தை. அடுத்த வீட்டில் கிழவர், பேத்தி. தெரு எப்படி இருந்ததோ அப்படியே கல்லில் இருக்கட்டும். சாதி, பதவி, வயது, அகர வரிசை எதுவும் இதில் குறுக்கே வராது.

பெயரின் மதிப்பு என்ன என்பதைக் கூடலூரைத் தாண்டிய மலையில் கண்டோம். 2024 ஜூலை 30-ஆம் தேதி விடியுமுன் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் நிலச்சரிவில் போயின. அடையாளம் தெரியாத உடல்களையும் உடற்பகுதிகளையும் புத்துமலையில் அடக்கம் செய்து, ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் எண் பொறித்த கல்லை நட்டார்கள். பிறகு மரபணுச் சோதனை முடிவுகள் வரவர, எண் இருந்த இடங்களில் உறவினர்கள் பெயரை எழுதினார்கள். அலங்காரம் ஒன்றுமில்லாத சின்னக் கற்கள். ஆனாலும் எண் பெயராக மாறிய அந்த வேளையில் ஒருவருக்கு மகள் திரும்பக் கிடைத்தாள் என்றே சொல்ல வேண்டும். மண்ணுக்கடியில்தான், என்றாலும் கிடைத்தாள். இதைவிடப் பெரிய சிற்பத்தை யாரும் செய்துவிட முடியாது.

இனி வாசகத்தைப் பற்றி. நம் வீட்டு வாசலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில், பலத்த மழைக்கு நடுவே ஒரு வீட்டின் உயரமான சுற்றுச் சுவர் பக்கத்துக் குடியிருப்பின்மேல் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள், கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். இறந்தவர்கள் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அங்குள்ளவர்களும் பல இயக்கங்களும் சொன்னார்கள். இவர்களுக்கு ஒரு கல் வெட்ட வேண்டுமென்றால் அதில் என்ன எழுதுவது? “கனமழையில் உயிர் நீத்தவர்கள்” என்று எழுதலாம். “சுவர் விழுந்து இறந்தவர்கள்” என்றும் எழுதலாம். முதல் வாக்கியத்தில் பொய் இல்லை. மழை பெய்தது நிஜம். ஆனால் அன்று மழை ஊர் முழுவதற்கும் பெய்தது. சுவர் இந்த வீடுகளின்மேல் மட்டும் விழுந்தது. மழையை மட்டும் எழுதினால் வானத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போகலாம். சுவரையும் எழுதினால், அது யார் கட்டியது, ஏன் அவ்வளவு உயரம், சாயும் என்று யாருக்கும் தெரியாதா என்றெல்லாம் கல்லைப் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பையன் கேட்பான். கேட்கட்டும். ஓர் இரண்டு சொல்லில் கல் நியாயத்தின் பக்கமோ சௌகரியத்தின் பக்கமோ சாய்ந்துவிடுகிறது. இயற்கைச் சீற்றம் என்று நாம் எழுதுகிற இடங்களில் எவ்வளவு இயற்கை, எவ்வளவு மனிதன் என்பதைப் பிரித்துப் பார்க்கிற பொறுமை கல்லில் எழுதுகிறவனுக்கு வேண்டும். கதை எழுதுகிறவனுக்கும் வேண்டும். கதையை முடிக்கத் தெரியாமல் பாத்திரங்களை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போக விடுகிற நாவல்களை நானும் படித்திருக்கிறேன், நீங்களும் படித்திருப்பீர்கள்.

கடைசியாக, பிரயோஜனம். ஜப்பானின் வடகிழக்குக் கரையில் அனேயோஷி என்று ஒரு சிற்றூர். 1896-இலும் 1933-இலும் வந்த சுனாமிகளில் அந்த ஊர் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டாவது அழிவுக்குப் பிறகு மலைச் சரிவில் சுமார் நான்கடி உயரத்தில் ஒரு கல்லை நட்டார்கள். இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்பது அதன் வாசகத்தின் சாரம். ஊரார் மேலேயே கட்டினார்கள். 2011-இல் வந்த பேரலை அந்தக் கல்லுக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே நின்றுவிட்டது. கல்லுக்கு மேலே இருந்த வீடுகள் தப்பின. அந்தக் கல்லைச் செதுக்கியவருக்கு எங்கள் ஊர்ச் சுமைதாங்கியைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே இனம். செத்தவர்களின் ஞாபகம் உயிரோடிருப்பவனுக்குத் தோள் கொடுக்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. பவானி பெருகும்போது தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை ஏறிற்று என்று கரையோரத்து வயசாளிகளுக்கு வாய்ப்பாடமாகத் தெரியும். குன்னூர் மலைப்பாதையில் எந்த வளைவில் மண் சரியும் என்று பஸ் டிரைவர்களுக்குத் தெரியும். அவர்கள் போன பிறகு யாருக்குத் தெரியும்? தண்ணீர் ஏறிய உயரத்தில் ஒரு கோடு, வருஷம், அந்த வீடுகளின் வரிசையில் பெயர்கள், எப்படி இறந்தார்கள் என்ற ஒரு நேரான வாக்கியம், வழிப்போக்கன் உட்காரத் தக்க அகலத்தில் ஒரு படுகல். இவ்வளவு போதும். செலவு தூணில் பாதிகூட ஆகாது. மெருகு வேண்டாம், உருக்கம் வேண்டாம், திறந்து வைக்க யாரும் வர வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலைத் தாலுகா ஆபீஸிலிருந்து வாங்கி வர மட்டும் ஒருவர் போயாக வேண்டும். அந்த ஒரு நடைக்குத்தான் இதுவரை ஆள் கிடைக்கவில்லை.